வேரடி மண்ணோடு பெயர்த்து நடுக

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்பது யாழ்ப்பாணத்து முதியோர் வாயிற் பயின்று வந்த பழமொழி. கோறணமேந்து என்றது அரசாங்கத்தை. இதனைக் கேட்டு நகைப்போர் உளர். ஆயினும் சொன்னவர் பேதையர் அல்லர். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத நிலத்திலே, கிணற்று நீரை இறைத்துத் தோட்டஞ் செய்து பிள்ளைகளைப் படிப்பித்த மக்கள் அவர்கள். மாதந் தவறாத சம்பளமும், தள்ளாத வயதில் வீடு தேடி வரும் ஓய்வூதியமும் ஒரு குடும்பத்துக்கு எத்துணைப் பெரிய காவல் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். அக்காவலைப் பெற்றவன் அதனைக் கைவிடலாகாது என்று அவர்கள் கருதியதில் வியப்பில்லை.

ஆனால் ஒரு கேள்விக்கு அப்பழமொழி விடை கூறவில்லை. இருபது ஆண்டுகள் கோழி மேய்த்த ஒருவன் தன் நாற்பத்தைந்தாம் வயதில், “இது எனக்குரிய தொழிலன்று” என்று உணர்வானாயின், அவன் செய்யத்தக்கது யாது?

இக்கேள்வி பல இல்லங்களில் உண்டு. வாய்விட்டுக் கேட்கப்படுவதுதான் இல்லை. கந்தோரிற் கணக்குப் புத்தகத்தின் முன் அமர்ந்திருப்பவர் வகுப்பறையை நினைக்கிறார். வகுப்பறையில் நிற்பவர் தோட்டத்தை நினைக்கிறார். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்ட தாய், தான் இளமையில் இடைநிறுத்திய கல்வியை நினைக்கிறாள். ஒருநாள் துணிந்து சொன்னால் இரண்டு விதமான மறுமொழிகள் வரும். “இந்த வயதில் உமக்கு ஏன் இந்த வேலை?” என்பது ஒன்று. “மனத்துக்கு ஒவ்வாததை நாளைக்கே விட்டுவிடும்” என்பது மற்றொன்று. முன்னது அம்மனிதரின் உள்ளத்தை மதிக்கவில்லை. பின்னது அவர் வீட்டு அடுப்பை மதிக்கவில்லை.

தோட்டக்காரனைக் கேட்டால் அவன் வேறொரு வழி சொல்லுவான். முளைத்து நான்கு நாளான நாற்றை எப்படியும் பிடுங்கி நடலாம். சில ஆண்டு வளர்ந்த கன்றை அப்படிப் பிடுங்கினால் அது பட்டுப்போகும். சுற்றிலும் அகழ்ந்து, வேரைப் பற்றிய மண் உதிராமல் எடுத்து, முன்னரே வெட்டி நீரூற்றி வைத்த குழியில் இறக்கவேண்டும். நடுவயதிலே தொழில் மாறுவோருக்கும் இதுவே முறை. அவர்களுடைய வேரடி மண், இதுகாறும் பழகிய தொழிலறிவும் அவர்களை நம்பியிருக்கும் குடும்பமும் ஆகும். அம்மண்ணை உதறிவிட்டுப் போனவர் சிலரே தழைத்தனர். மண்ணோடு பெயர்ந்தவர் வரலாற்றிற் பலர். அவர்களுள் நால்வரை இவ்வாரம் நினைவுகூர்வோம்.

முதலாமவர் நம் நாட்டவர். சிறுப்பிட்டியில் 1832ஆம் ஆண்டு பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையைத் தமிழ் கற்கும் மாணவர் யாவரும் அறிவர். ஏட்டுச் சுவடிகளிற் கிடந்த பழந்தமிழ் நூல்களைப் பரிசோதித்து அச்சேற்றிய பேரறிஞர் என்று படித்திருப்பர். ஆனால் அவர் சீவனத்துக்கென மேற்கொண்ட தொழில் அதுவன்று. வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்று, கோப்பாயில் ஆசிரியராயிருந்தார். பின்னர்ப் பேர்சிவல் பாதிரியாரின் அழைப்பின்பேரிற் சென்னைக்குச் சென்று ‘தினவர்த்தமானி’ப் பத்திரிகையை நடத்தினார். சென்னைச் சர்வகலாசாலை 1857ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அதன் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தவரே. ஒருவர் இவர்; மற்றவர் கறல் விசுவநாதபிள்ளை. அதன்மேற் கள்ளிக்கோட்டையில் ஆசிரியர் பதவி. பிறகு சென்னையில் அரசாங்கக் கணக்குப் பகுதியில் உத்தியோகம். அவ்வுத்தியோகமே போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. சட்டங் கற்று 1871ஆம் ஆண்டிற் பி.எல். பட்டம் பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தொன்பது. பின்னர்க் கும்பகோணத்தில் வழக்கறிஞராக விளங்கிப் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் அமர்ந்தார்.

ஆசிரியர், பத்திராதிபர், கணக்கு உத்தியோகத்தர், வழக்கறிஞர், நீதிபதி என ஐந்து தொழில்களை இவ்வாறு கண்டவர், அவற்றுள் ஒன்றினாலும் இன்று நினைக்கப்படவில்லை. 1868ஆம் ஆண்டில், முப்பத்தாறு வயதளவில், தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையருரையோடு வெளியிட்டார். அதன்பின் நெடுங்கால இடைவெளி. 1881இல் வீரசோழியம், 1883இல் இறையனார் அகப்பொருள், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை, 1889இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும். இப்பெரும்பணியிற் பெரும்பகுதி அவர் ஐம்பது வயதை அண்மியபின் நடந்தது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். பிறர் இனி ஓயலாம் என்று எண்ணும் வயதில் அவர் செல்லரித்த ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கிக் கொண்டிருந்தார்.

அச்சுக்கும் தாளுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? பெரிதும் அவருடைய கைப்பொருளிலிருந்தே வந்தது. சம்பளமும் வழக்குகளால் வந்த வருவாயும் இல்லையேல் கலித்தொகை அப்போது அச்சேறியிராது. விரும்பிய பணிக்குப் பகையென்று அவர் தம் உத்தியோகத்தை வெறுத்தொதுக்கவில்லை; அதனை அப்பணிக்கு வேலைக்காரனாக்கினார். இன்னொன்றும் உண்டு. கணக்குப் பகுதியிற் பழகியவருக்கு ஓரெழுத்துப் பிழையும் உறுத்தும். நீதிமன்றத்திற் பழகியவருக்கு, முரண்பட்ட இரு சாட்சிகளுள் எவரை நம்புவது என்று ஆராயும் பழக்கம் உண்டு. ஒரே பாட்டுக்கு இரண்டு ஏடுகள் இரண்டு பாடங்களைக் காட்டும்போது பதிப்பாசிரியன் செய்யவேண்டுவதும் அதுவே. ஆகவே அவருடைய பழைய தொழில்கள் வீணாய்ப்போன காலம் அல்ல. அறியாமலே எடுத்த பயிற்சி என்று கொள்வதில் தவறில்லை.

“அவர் தொழிலை விட்டுவிடவில்லையே! முற்றாக விட்டுவிட விரும்புவோர் என் செய்வது?” என்று ஒருவர் கேட்கலாம். அத்தகையோருக்கு எஸ். வையாபுரிப்பிள்ளையின் வரலாறு உதவும். திருநெல்வேலிச் சீமையில் 1891ஆம் ஆண்டு பிறந்த இவர், திருவனந்தபுரத்திலும் பின்னர்த் திருநெல்வேலியிலும் வழக்கறிஞராயிருந்தவர். 1926ஆம் ஆண்டில், முப்பத்தைந்தாம் வயதில், அத்தொழிலை விட்டுச் சென்னைச் சர்வகலாசாலையின் தமிழ்ப் பேரகராதிக்குப் பதிப்பாசிரியரானார். இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட அவ்வகராதியின் ஆறு தொகுதிகள் 1936ஆம் ஆண்டிலும், அநுபந்தம் 1939ஆம் ஆண்டிலும் நிறைவெய்தின. பிறகு அச்சர்வகலாசாலையின் தமிழ்த்துறைத் தலைவராகவும் விளங்கினார்.

இதைக் கேட்டு, ஒருநாட் காலையிற் கறுப்பங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு மறுநாள் அகராதி ஆசிரியரானார் என்று எண்ணிவிடக்கூடாது. வழக்கறிஞராயிருந்த காலத்திலேயே தமிழாராய்ச்சிக் கட்டுரைகளை எழுதி வந்தார். 1922ஆம் ஆண்டில் மனோன்மணீய நாடகத்தைப் பரிசோதித்துப் பதிப்பித்தார். அகராதிப் பதவி வந்து கதவைத் தட்டியபோது, இவர் அப்பணிக்கு உரியவர் என்பதை இவருடைய ஆசை சொல்லவில்லை. ஏற்கனவே முடித்த வேலை சொல்லிற்று. குழியை முன்னரே வெட்டி வைத்தவர் இவர். புதுத்தொழிலை விரும்புகிறேன் என்பவரிடம் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, “அத்தொழிலில் இதுவரை என்ன செய்து காட்டியிருக்கிறீர்?” என்பதே. விடை ஒன்றுமில்லையாயின் பதவியை விடும் நாள் இன்னும் வரவில்லை.

செய்து காட்டுதற்குக் கற்கவேண்டும். நடுவயதினர்க்கு மிகவும் கசப்பது இதுவே. நேற்றுவரை பிறர்க்கு ஆணையிட்டவர், தம் மகனையொத்த வயதினரோடு வாங்கில் அமர்ந்து பாடங் கேட்பதற்கு நாணுகிறார். இவ்விடத்தில் மரியா மொண்டிசோரி அம்மையாரை நினைக்க வேண்டும். அவர் பெயரால் நடக்கும் பாலர் பள்ளிகள் நம் நாட்டில் ஊர்தோறும் உள்ளன. அவர் முதலில் வைத்தியராயிருந்தவர் என்பதை அறிந்தோர் குறைவு. இத்தாலியில் 1870ஆம் ஆண்டு பிறந்த அவர், பெண்கள் வைத்தியம் கற்பது அரிதாயிருந்த காலத்தில் 1896ஆம் ஆண்டில் உரோமாபுரிச் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளை மருத்துவ நிலையத்திற் கண்டபோது, இவர்களுக்கு வேண்டியது மருந்தினும் கல்வியே என்று உணர்ந்தார்.

உணர்ந்தவுடன் பள்ளிக்கூடம் திறந்தாரல்லர். பட்டம் பெற்ற வைத்தியராகிய அவர், 1901ஆம் ஆண்டின் பின் மீண்டும் அதே சர்வகலாசாலைக்கு மாணவியாகச் சென்றார். தத்துவமும் கல்வியியலும் மானிடவியலும் பயின்றார். 1907ஆம் ஆண்டில், தம் முப்பத்தாறாம் வயதில், உரோமாபுரியின் ஏழை மக்கள் வாழ்ந்த சான் லோரென்சோப் பகுதியிற் சிறுவர் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். நோயாளியை உற்றுநோக்கிப் பழகிய கண் அங்கே குழந்தையை உற்றுநோக்கிற்று. அவருடைய முறை முழுவதும் அவ்வுற்றுநோக்கலின் பயனே. 1939ஆம் ஆண்டில், அறுபத்தொன்பதாம் வயதில், சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். கற்கும் நாணமின்மையே பின்னர்க் கற்பிக்கும் தகுதியாயிற்று.

நாலாமவர், வயது கடந்துவிட்டது என்று பெருமூச்செறிவோருக்காக. சேர். பொன்னம்பலம் அருணாசலம் 1853ஆம் ஆண்டு பிறந்தவர். போட்டிப் பரீட்சையிற் சித்தியெய்தி 1875ஆம் ஆண்டில் இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் அவர். பதிவாளர் நாயகமாயிருந்தார், 1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்பைப் பொறுப்பேற்று நடத்தினார். 1913ஆம் ஆண்டில், ஏறத்தாழ அறுபது வயதில், சேவையிலிருந்து ஓய்வு பெற்றார். சாய்மனைக் கதிரையில் அமர்ந்து பத்திரிகை வாசிப்பதற்கு அவருக்கு முழு உரிமையும் இருந்தது. அவரோ 1915ஆம் ஆண்டில் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தைத் தொடக்கினார். 1919ஆம் ஆண்டிற் தொழிலாளர் நலச் சங்கம் ஒன்றை அமைத்தார். அவ்வாண்டிலேயே இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானார். 1924ஆம் ஆண்டில் மறையும்வரை அவருக்கு ஓய்வு என்பது சம்பளப் புத்தகத்தில் மட்டுமே இருந்தது.

பிறப்பையும் இறப்பையும் நெடுங்காலம் எண்ணிக்கையாகப் பதிந்தவர், அவ்வெண்களின் பின்னே இருந்த ஏழை மக்களைக் கடைசிப் பதினோராண்டுகளில் நேராகச் சந்திக்கச் சென்றார். அவருடைய இரண்டாம் வாழ்வும் முதல் வாழ்வின் மண்ணிலேதான் வேரூன்றிற்று.

இந்நால்வரும் பெரியோர், நாமோ சாதாரண மக்கள். ஆயினும் முறை ஒன்றே. அதனை நம் வீட்டு அளவுக்குச் சுருக்கிக் கூறுவோம்.

முதலாவது, நோவு எங்கே என்று அறிக. தொழிலே ஒவ்வாததா, மேலதிகாரி ஒவ்வாதவரா, அல்லது உடல் களைத்துவிட்டதா? மேலதிகாரி காரணமாயின் இடமாற்றமே மருந்து. களைப்புக் காரணமாயின் ஒரு மாத லீவு மருந்து. ஒரு மாதம் நன்றாக உறங்கி எழுந்தபின்னும், தன் கந்தோரிலே நல்ல அதிகாரி இருந்தாலும், இவ்வேலை வேண்டாம் என்று உள்ளம் சொல்லுமாயின் அப்பொழுதே தொழில் மாற்றத்தைப் பற்றிச் சிந்திக்கலாம்.

இரண்டாவது, கணக்கு. அரசாங்க சேவையினர், ஓய்வூதிய உரிமை கைகூடுமுன் பதவி விலகினால் அதனை இழக்க நேரும். விதிகளை வாசியாமல் விலகற் கடிதம் எழுதலாகாது. தனியார் துறையினர் 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தை நினைக்க வேண்டும். சம்பளத்தில் நூற்றுக்கு 8 பங்கை ஊழியரும் 12 பங்கைத் தொழில்தருநரும் அந்நிதிக்குச் செலுத்துகின்றனர். ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் மேலும் 3 பங்கு செலுத்துகிறார். வேலையை விட்டுச் சொந்தத் தொழில் தொடங்குபவருக்குச் சம்பளம் மட்டும் நிற்பதில்லை. பிறர் அவருக்காகச் சேமித்து வந்த அந்த 15 பங்கும் நின்றுவிடும். சேமலாப நிதியைப் பொதுவாக ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலுமே மீளப் பெறலாம் ஆதலின், அதனை நம்பி நாற்பது வயதிற் கடை திறக்க முடியாது. குறைந்தது ஓராண்டுக்குரிய வீட்டுச் செலவு கையில் இருக்கட்டும். மனைவியின் தாலிக்கொடியும் மகளின் பெயரிலுள்ள காணியும் அக்கணக்கிற் சேரா.

மூன்றாவது, விடுமுன் கற்க. விடுமுன் செய்து பார்க்க. 1980ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், வேலை செய்துகொண்டே கற்க விரும்புவோருக்கென அமைந்தது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அதற்கு நிலையங்கள் உண்டு. கைத்தொழிலில் அனுபவம் இருந்தும் சான்றிதழ் இல்லாதவர்கள், முற்கற்றலை மதிப்பிடும் முறையினால் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழைப் பெறலாம். பல ஆண்டுகள் தச்சுவேலை செய்தவர் மீண்டும் தொடக்கத்திலிருந்து படிக்க வேண்டியதில்லை. கையறிந்ததைச் செய்து காட்டினாற் போதும். கற்றதை மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஓராண்டு செய்து பாருங்கள். தோட்டம் வேண்டும் என்றவர், ஓராண்டு வெயிலில் நின்றபின்னும் தோட்டம் வேண்டும் என்கிறாரா? ஆசிரியராக வேண்டும் என்றவர், அயலிலுள்ள பத்துப் பிள்ளைகளுக்கு ஓராண்டு இலவசமாகப் படிப்பித்தபின்னும் அதையே விரும்புகிறாரா? ஆமென்றால் அது உண்மையான விருப்பம். இல்லையென்றால் ஓராண்டு மாலைப்பொழுதுகளோடு நட்டம் முடிந்தது, வீடு தப்பியது.

நாலாவது, வீட்டாருக்குச் சொல்லுக. முடிவு செய்தபின் அறிவித்தல் வேறு, முடிவு செய்யுமுன் கலந்து பேசுதல் வேறு. வருமானம் குறையும்போது அதனை முதலில் உணர்பவள், சந்தைக்குப் பையெடுத்துச் செல்லும் இல்லாள். அவள் அறியாத திட்டம் எத்துணை உயர்ந்ததாயினும் அரைத் திட்டமே. அவளுக்கும் இவ்வாறான ஓர் ஆசை உள்ளத்தில் இருக்கலாம் என்பதை ஆடவர் மறக்கலாகாது. இருவர் ஆசையும் ஒரே ஆண்டில் நிறைவேறாது. முறை வைத்து நிறைவேறலாம். பிள்ளைகள் படிக்கும் காலத்திற் கணவர் சம்பளத்தைக் காத்து நிற்க மனைவி கற்கலாம். அவள் சம்பாதிக்கும் காலத்திற் கணவர் மாறலாம்.

இவ்வளவும் செய்தபின் மாறாமலே இருந்துவிடுவோரும் உண்டு. அவர்களைக் கோழையர் என்று எவரும் இகழ வேண்டாம். தங்கைமார் மூவரைக் கரையேற்றுவதற்காகவும், நோயுற்ற தாயைப் பராமரிப்பதற்காகவும் விருப்பமில்லாத மேசையின் முன் முப்பது ஆண்டுகள் அமர்ந்திருந்த மனிதர் நம் ஊர்களில் எத்தனையோ பேர். அவர்கள் செய்ததும் ஒரு பணியே. அத்தகையோர், மாலையில் ஒரு மணி நேரத்தையேனும் தமக்குரியதாக வைத்துக்கொள்வாராக. தாமோதரம்பிள்ளைக்கும் நெடுங்காலம் வாய்த்தது அத்தகைய ஓய்வு நேரமே.

இறுதியாக, இப்பகுதியை வாசிக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு என்ன துறை என்று வீடு முழுவதும் கூடி ஆராய்கிறது. உங்கள் தந்தையாருக்கு அவர் இளமையில் அவ்வாறு ஆராயும் வாய்ப்புக் கிடைத்ததா என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். ஐம்பது வயதில் அவர் ஒரு புதிய பாடப்புத்தகத்தோடு வந்து உங்கள் மேசையின் ஓரத்தில் அமர்வாராயின், சிரியாதீர்கள். உங்கள் புத்தகங்களைச் சற்று ஒதுக்கி அவருக்கும் இடம் விடுங்கள்.